கடலோரத்திலிருந்து மலைக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று நம் கரையோர ஊர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு நாள் நடை போய்வருகிறோம். கிளம்புவதற்கு முன்னால் வருகிற சந்தேகங்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதேதான். மீன் ஏலக்கூடத்தில் கேட்டவை, பள்ளிவாசல் வாசலில் கேட்டவை, இரவு பதினோரு மணிக்கு வாட்சப்பில் குரல்பதிவாக வந்தவை எல்லாவற்றையும் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

மலைக்குப் பயந்து கேள்வி கேட்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. ஒன்றுமே கேட்காமல் வண்டியில் ஏறி உட்காருகிறவர்களைப் பற்றித்தான் கவலை. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருகிறவர் பத்திரமாக இறங்கிவிடுவார். கீழே இருக்கும் பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான்.

"ஒரு நாள் மலை நடைன்னா என்னண்ணே? கோயிலுக்குப் படி ஏறுற மாதிரியா?"

படி இருக்காது. வேரும் கல்லும் சருகுமாகக் கிடக்கும் காட்டுப் பாதை, குறுக்கே ஓடைகள், ஒரு பக்கம் சரிவு. போக வர 10 முதல் 16 கிலோமீட்டர், அதற்குள் 600 முதல் 1000 மீட்டர் உயரம் ஏறி இறங்குவது, ஆக மொத்தம் ஆறு முதல் எட்டு மணி நேரம். நடுவில் கடை கிடையாது, ஆட்டோ கிடையாது.

நம்மில் பலர் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போய் வந்திருப்பார்கள். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையில் தொடங்கும் அந்த ஏற்றம் நினைவிருந்தால், நான் சொல்வது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் திருவிழாக் கூட்டமும் அன்னதானமும் இல்லாத நாளில் அதே பாதை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோயில் இருந்தாலும் அது காடு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் நடக்கிறோம்.

"முதல் தடவைக்கு எங்க போகலாம்?"

மதுரைப் பக்கம் அழகர்கோவிலில் இறங்கி, பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை வரை காரில் போகாமல் நடந்து பாருங்கள். சாலைதான், ஆனால் ஏற்றம். அதைச் சிரமமில்லாமல் முடித்தவர்களைத்தான் நாங்கள் பெரிய நடைக்கு அழைக்கிறோம்.

அடுத்ததாகச் சதுரகிரி போகலாம். அல்லது வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ள பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். போடிப் பக்கம் குரங்கணி – சாம்பலாறு, கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் – வெள்ளகவி எல்லாம் அதில் உண்டு. வெள்ளகவியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டக்கானலிலிருந்து புறப்பட்டால் முதலில் முழுக்க இறக்கம். காலையில் துள்ளிக்கொண்டு இறங்கிவிடுவோம். அதே வழியில் திரும்புவதாக இருந்தால், களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். முதல் நடைக்கு அந்த மாதிரிப் பாதை வேண்டாம். போனால், ஊருக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கோயில்களுக்காக ஊருக்குள் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள்.

"ஃபாரஸ்ட்காரங்க அனுமதி கட்டாயமா? நாம என்ன மரமா வெட்டப் போறோம்?"

கட்டாயம். காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். மரம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் குற்றம்தான். ஆனால் நான் வற்புறுத்துவது வழக்குக்குப் பயந்து அல்ல.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீ பிடித்தது. கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல் சரிவில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. இன்று யார் மேலே போயிருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த வழி, கூட யார் என்பது கீழே ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் ஆபத்து வரும்போது தேடி வர முடியும். அனுமதிச் சீட்டு அதற்குத்தான்.

டிரெக் தமிழ்நாடு பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், மலையடிவார ஊர்களைச் சேர்ந்த வழிகாட்டி கூடவே வருவார். சதுரகிரியில் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை மேலே விடுவார்கள் என்ற விதி அடிக்கடி மாறுகிறது. மழை அறிவிப்பு வந்தால் அன்று காலையில்கூட நிறுத்திவிடுவார்கள். போன வருஷம் இப்படித்தான் இருந்தது என்று நம்பிக் கிளம்பாமல், முதல் நாள் விசாரித்துவிட்டு வண்டி பிடியுங்கள்.

"எந்த மாசம் நல்லது?"

நம் கணக்கிலேயே சொல்கிறேன். நம் கரையில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கேரள எல்லையை ஒட்டிய மலைகளில் மழை. இங்கே ஒரு சொட்டு விழாது, அங்கே பாதை வழுக்கும், அட்டை நிறைந்திருக்கும். வாடை தொடங்கி நமக்கு மழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் பார்த்த கிழக்குச் சரிவுகளிலும் கொட்டும், ஓடைகள் நிரம்பும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பிடிக்கும் காலம் என்பதால் வனத்துறை பொதுவாக மலையேற்றத்தை நிறுத்திவைக்கும்.

மிச்சம் இருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. அதுதான் என் முதல் தேர்வு. பாதை காய்ந்திருக்கும், ஓடையில் நீரும் இருக்கும், வெயில் உறைக்காது. பகல் சற்றுக் குறுகியது என்பது ஒன்றே குறை.

"எங்களுக்கு ஓய்வே மீன்பிடித் தடைக்காலத்துலதான். போட்டு கட்டிக் கிடக்கு, ஆளும் சும்மா இருக்கோம். அப்பப் போனா என்ன?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் கிடைக்கிறபோது போகாதீர்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அந்த மாதங்களில் மலையில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் திடீரென்று கறுத்து இடியோடு கொட்டும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோது மேலே பெய்த மழை ஓடையில் வந்துவிடும். 2015 மே மாதத்தில் சதுரகிரியில் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதுவும் நம் தடைக்காலத்துக்குள் வரும் மாதம்தான்.

போக வேண்டும் என்றால் ஓடையைக் கடக்காத, குறைந்த தூரப் பாதையாகப் பாருங்கள். விடிந்ததும் ஏறி, மதியம் ஒரு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். வானிலை மையம் இடிமழை என்று சொன்ன நாளில் கிளம்பவே வேண்டாம். கடலுக்குப் போவதற்கு அந்த எச்சரிக்கையைப் பார்க்கிற நாம் மலைக்கும் பார்க்க வேண்டும்.

"எத்தனை மணி நேரம் ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?"

மலையேறுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகிய கால்களுக்கு. சமதரையிலேயே வாழ்ந்த நமக்கு வரும் விடையை ஒன்றரை மடங்காக்கி, மேலே ஒரு மணி நேரம் ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்க்கிறேன்.

உதாரணமாக, போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று வையுங்கள். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, கூட்டினால் 4 மணி 18 நிமிடம். ஒன்றரை மடங்கு என்றால் ஏறக்குறைய ஆறரை மணி. ஓய்வோடு ஏழரை. காலை ஆறரைக்குக் கால் எடுத்து வைத்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு அடிவாரம். எட்டரைக்குக் கிளம்பினால் நாலு மணி ஆகிவிடும், ஒருவர் கால் பிசகினாலும் இருட்டிவிடும்.

நம் ஊர் அந்தியை நம்பி மலைக்கு வராதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் நடக்கும்போது சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும். மரத்தடியில் இருட்டு இன்னும் முன்னால் வரும். ஐந்து மணிக்கே பாதையில் கல் எது, வேர் எது என்று தெரியாது.

"இன்னும் கொஞ்சந்தான இருக்கு, உச்சியத் தொட்டுட்டு வந்துருவோமே?"

இந்தக் கேள்வி வீட்டில் வராது, மலையில்தான் வரும். அதனால் பதிலை வீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் திரும்பும் நேரம் என்று ஒன்றைக் குறியுங்கள். அந்த உதாரணத்துக்குப் பதினொன்றரை. மணி பதினொன்றரை அடித்தால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, அரை மணி நடைதான் மிச்சம் என்றாலும் சரி, நின்ற இடத்திலிருந்து இறங்குகிறோம். இதைக் குழுவில் எல்லோரும் கேட்கச் சொல்லி, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் நான் வண்டி ஏற்பாடு செய்கிறேன்.

காற்று மாறுகிறது என்று தெரிந்தால் மீன் படுகிற நேரத்திலும் வலையை இழுத்துக்கொண்டு கரை பார்க்கிறவர்கள் நம்மவர்கள். அந்த முடிவை எடுக்கத் தெரிந்த கைகளுக்கு மலையில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கெஞ்சுவார். கெஞ்சுகிறவரின் ஆசை நியாயமானது என்றே நினைக்கிறேன், இருந்தும் இறங்கத்தான் வேண்டும். விழுவது, கால் சுளுக்குவது எல்லாம் பெரும்பாலும் இறக்கத்தில்தான் நடக்கும். தொடைச் சதை தளர்ந்து, கவனம் குறைந்து, வீட்டு நினைப்பு வந்துவிடும் நேரம் அது. உச்சியில் நிற்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

"ராத்திரி வேன்ல கிளம்பி விடியக்காலம் இறங்கி நேரா ஏறிட்டு, அன்னைக்கே ஊர் திரும்பிரலாமா?"

வேண்டாம். இராமேஸ்வரத்திலிருந்து மதுரையே 170 கிலோமீட்டர், அதற்கு அப்புறம்தான் போடியோ கொடைக்கானலோ வத்திராயிருப்போ. வேனில் தூங்கியது தூக்கத்தில் சேராது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்கள் பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் நாள் மாலையே அடிவாரத்துக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கள்.

திரும்பும்போது வண்டி ஓட்டுகிறவர் மலை ஏறியவராக இருக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை. காட்டில் யானைக்குப் பயப்படுகிறோம். பார்த்திபனூர், பரமக்குடி வழியாக நள்ளிரவில் கண் சொருகிக்கொண்டு வண்டி ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

"நம்ம ஊர்ல மேடே கிடையாதேண்ணே. எங்க போய்ப் பழகுறது?"

உண்மைதான். இராமேஸ்வரத் தீவில் உயரமான இடம் என்றால் இராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம், அதுவும் ஒரு மணல்மேடு. ஆனால் நம்மிடம் மணல் இருக்கிறது. அரியமான் கரையிலோ தனுஷ்கோடிப் பக்கமோ ஈரமில்லாத மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் கெண்டைக்காலும் கணுக்காலும் நன்றாக இறுகும். முதுகில் நாலு கிலோ எடை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் சேர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் இருக்கும்.

மணல் தராதது இறக்கப் பயிற்சி. அதற்கு மாடிப்படிதான். பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ இரண்டு மாடி இருந்தால் போதும், அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது நிதானமாக, முழங்காலைச் சற்று மடக்கி. முதல் நாள் தொடை பிடித்துக்கொள்ளும், இரண்டாம் மூன்றாம் முறையில் அந்த வலி நன்றாகக் குறைந்துவிடும். அந்த வலியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊரில் வாங்கிக்கொண்டால் மலையில் பெருமளவு தப்பிக்கலாம். வாரம் மூன்று நாள், ஆறு வாரம் என்பது நல்ல அளவு. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏற்ற இறக்கம் இருக்கிறதே என்று அங்கே நடக்கப் போகாதீர்கள். வண்டிகள் உரசிக்கொண்டு போகும் இடம் அது.

"உசரத்துல மூச்சு முட்டுமா? காத்தே இருக்காதாமே?"

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். கொடைக்கானலே ஏறக்குறைய 2,100 மீட்டர். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது உழைப்பால். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம்.

குளிருக்கு ஆயத்தமாக வாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். வேர்த்த சட்டையோடு உச்சிக் காற்றில் உட்கார்ந்தால் நடுக்கம் வரும். மாற்றுச் சட்டை ஒன்று நெகிழிப் பைக்குப் பதில் துணிப் பையில் இருக்கட்டும், சோதனைச்சாவடியில் நெகிழியைப் பார்ப்பார்கள்.

"வெறுங்கால்லயே நடந்து பழகுன ஆளு நான். ஷூ எதுக்கு?"

மணலில் பழகிய பாதம் உறுதியானதுதான். ஆனால் மணல் காலடியில் நகர்ந்து கொடுக்கும், நனைந்த பாறை கொடுக்காது. முள், கூரான கல், அட்டை, பாம்பு என்று பல காரணம் இருக்கிறது. ஹவாய்ச் செருப்பும் வேண்டாம், வாரே அறுந்துவிடும். அடியில் ஆழமான பிடிப்பு உள்ள ஷூ, விரல் நுனிக்கு முன்னால் சற்று இடம் இருக்கிற அளவில் வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுக்கும். முதல் நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். புது ஷூவை மலையில் முதன்முதலாக மாட்டாதீர்கள், மேலே சொன்ன மாடிப்படிப் பயிற்சியை அதைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

"சேலையில வரலாமா தம்பி? எங்க மதினி பர்தாவுல வர்றேங்குறாங்க. அப்புறம்... பாத்ரூம்லாம் எப்படி?"

இறக்கத்தில் தன் காலைத் தான் பார்க்க முடிய வேண்டும், தரையில் புரளும் துணி எதுவும் இருக்கக் கூடாது. இதுதான் ஒரே விதி. சுடிதார் எல்லோருக்கும் வசதி. சேலைதான் என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, உள்ளே லெக்கின்ஸ். பர்தா போடுகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே நிற்கும் மேலங்கியும் கால்சட்டையும், ஊசி குத்தி நிறுத்திய தலைத்துணியுமாக வருகிறார்கள், எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறுகிறார்கள்.

கழிவறை அடிவாரத்தில் மட்டும்தான். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் வந்து மயங்கிப்போன பெண்கள் உண்டு, அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். வழியில் தேவைப்பட்டால் குழுவில் ஒரு பெண் துணையோடு பாதையை விட்டுச் சற்று விலகி, ஆனால் குரல் கேட்கும் தூரத்துக்குள். ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் குழி, பிறகு மண் மூடல். நாப்கின், காகிதம் எதுவும் காட்டில் போடக் கூடாது. மூடி போட்ட சிறு டப்பா ஒன்று கொண்டுவந்தால் அதில் போட்டுத் திரும்பக் கொண்டுபோகலாம். மாதவிலக்கு நாளில் உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக வரலாம்.

"தண்ணி எம்புட்டு எடுக்கணும்? ஓடைத் தண்ணி குடிக்கலாமா?"

மணிக்கு அரை லிட்டர் என்று வைத்து, ஆளுக்கு மூன்று லிட்டர். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை வழிவது தெரியும், தாகமும் எடுக்கும். மலைக் குளிர்காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் உறைக்காது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் சரியில்லை, வேர்வையில் போன உப்பு திரும்ப வர வேண்டும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே விலங்கு குடித்த நீர், அதில் இறந்து கிடந்தாலும் நமக்குத் தெரியாது. குளோரின் மாத்திரை போட்டு அதில் எழுதியுள்ள நேரம் காத்திருந்துதான் குடிக்க வேண்டும்.

"மீன் வறுவல், கருவாடு கட்டிக்கிட்டுப் போகலாமா?"

அடிவாரத்தில் முதல் நாள் ராத்திரி ஆசை தீரச் சாப்பிடுங்கள். மேலே வேண்டாம். அந்த வாசனை குரங்கு, பன்றி, கரடி எல்லாவற்றையும் இழுக்கும். புளிச்சோறு, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, அவித்த முட்டை போதும். மதியம் ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிட்டால் கால் எழாது. மணிக்கு ஒருமுறை வாயில் போட்டுக்கொள்ள கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், சாயல்குடிக் கருப்பட்டித் துண்டு.

"அட்டை கடிச்சா ரத்தம் நிக்காதாமே?"

நிற்கும், சற்று நேரம் ஆகும். கடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை உள்ளே விடுகிறது, அதனால் வழிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பிய்த்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தை வைத்துத் தோலோடு தள்ளிவிடுங்கள். தீக்குச்சி வைத்துச் சுட்டால் அது உள்ளே இருப்பதைக் கக்கிவிட்டு விழும், புண் சீழ் பிடிக்கலாம். பேண்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்புத்தூள் தேய்த்துக்கொண்டால் ஏறுவது குறையும். வாலிநோக்கம் உப்பளத்தை வைத்திருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை.

"யானை எதுக்க வந்தா ஓடவா, நிக்கவா?"

வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள், அவர் சொல்வதைக் கேட்கும் தூரத்தில் இருங்கள். யானை நம்மைவிட வேகமாக ஓடும், அதனால் ஓடி ஜெயிப்பது முதல் திட்டமாக இருக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் வழி. புதுச் சாணம், ஒடித்துப் போட்ட கிளை, நெடி, வயிற்று உறுமல் ஏதாவது தெரிந்தால் எல்லோரும் நின்று, சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்க வேண்டும். அது போன பிறகு அரை மணி காத்திருந்துதான் நகர வேண்டும். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க முன்னே போகிறவரை நான் அடுத்த முறை சேர்த்துக்கொள்வதில்லை. காட்டுமாட்டுக்கும் இதே முறைதான். தேன்கூடு இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் புகை, சென்ட், கூச்சல் மூன்றும் ஆகாது.

"பாம்பு கடிச்சா என்ன செய்யணும்?"

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிவாரம் சேருவதற்குள் 108-க்குச் சொல்லி வண்டி வந்து நிற்கட்டும்.

"ஓடையில தண்ணி வந்தா என்ன? நாங்க கடல்லயே நீந்துறவங்க."

கடலில் நீந்துவது இங்கே பயன்படாது. காட்டாறு முழங்கால் அளவில் ஓடினாலே காலைத் தட்டிவிடும், அடியில் உருண்டு வரும் கல் கணுக்காலை உடைக்கும், நீந்துவதற்கு ஆழமும் இருக்காது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கூடினால் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். வெள்ளம் எந்தப் பக்கம் நம்மைப் பிரித்தாலும் வடியும் வரை காத்திருப்பதுதான் சரி. சில மணி நேரத்தில் வடியும். தடைக்காலம் பற்றிய பதிலில் சொன்னதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க அத்தாவுக்குச் சக்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு, வயசு 58. ரொம்ப ஆசைப்படுறாரு. கூட்டிட்டு வரவா?"

முதலில் மருத்துவரிடம், "எட்டு மணி நேரம் மலை ஏறி இறங்கப் போகிறேன்" என்று அப்படியே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். நடைப்பயிற்சி செய்யலாமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அன்றைய அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் என்ன செய்வது என்று கூட வருகிற இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் ஓய்வு எடுக்கும்போதெல்லாம் ஷூவைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

அழகர்கோவில் ஏற்றத்தை அவர் முடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, படபடப்பு இருந்தது என்றால் அடுத்த கட்டம் இதய மருத்துவர்தான்.

"நடுவுல ஒருத்தருக்கு முடியாமப் போச்சுன்னா? அவர உக்கார வச்சுட்டு மத்தவங்க போயிட்டு வரலாமா?"

ஒருவரைத் தனியாக உட்கார வைக்கவே கூடாது. குறைந்தது இரண்டு பேர் அவரோடு இறங்க வேண்டும், பாதை தெரிந்தவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். வழிகாட்டி ஒரே ஒருவர் என்றால் குழு முழுவதும் இறங்கும். இதனால்தான் மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுகிறோம். அவர் வேகம்தான் குழுவின் வேகம். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முடியவில்லை என்று சொல்கிறவரைக் கிண்டல் செய்தால் அடுத்தவர் வலியை மறைத்துக்கொண்டு நடப்பார். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

"நடுக்கடல்ல நச்சத்திரம் பாத்து ஊர் வந்து சேர்ற ஆளுக நாங்க. வழிகாட்டி எதுக்கு? இந்தா, அந்த ஊர்க்காரரே குறுக்குவழியில கூட்டிட்டுப் போறேங்குறாரே?"

காட்டுக்குள் வானமே தெரியாது. திசை சரியாகத் தெரிந்தாலும் அந்தத் திசையில் நேராகப் போக முடியாது, பள்ளத்தாக்கு குறுக்கே நிற்கும். அனுமதியில்லாத வழிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அங்கே விபத்து நடந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று கீழே யாருக்கும் தெரியாது. குரங்கணி பற்றி மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

வழி தவறிவிட்டது என்று தோன்றிய நொடியில் நில்லுங்கள். கடைசியாகப் பாதை தெளிவாகத் தெரிந்த இடம் பத்து நிமிடத்துக்குள் என்றால் அங்கே திரும்புங்கள், இல்லையென்றால் நகராதீர்கள். விசிலை மும்மூன்றாக ஊதுங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வார்கள், அருவியின் விளிம்புக்கும் அதே ஓடைதான் கூட்டிப்போகும். செல்போனைக் காலையிலிருந்தே ஏரோப்ளேன் மோடில் வைத்திருங்கள், சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். தலையில் மாட்டும் டார்ச்சை மதியமே திரும்பிவிடுவோம் என்ற நாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"மறுநாள் கடலுக்குப் போகலாமா?"

ஒரு நாள் விட்டுப் போங்கள். தொடை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்தில் இருக்கும், ஆடுகிற போட்டில் நிலையாக நிற்க முடியாது. வீட்டைச் சுற்றி மெதுவாக நடப்பது நல்லது, அழுத்தித் தேய்த்து நீவுவது வேண்டாம். மூன்று நான்கு நாளில் போய்விடும். வலி மிகக் கடுமையாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போனால் அது தசை சிதைந்ததன் அறிகுறி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தால், மலைக்காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கோடு பூச்சிக்கடி இருந்தால் அதையும் காட்டுங்கள்.